பழைய தோற்ற வாழ்த்து அட்டை: எது கெட்டால் எங்கே பார்ப்பது

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பிற்பகல் மழை தவறுவதில்லை. கொடியில் கிடக்கும் துணியே காயாத அந்த நாட்களில்தான் ஊரில் பலருக்குத் தேநீரில் நனைத்த தாள் காய வேண்டியிருக்கிறது. "அக்கா, நீங்கள் சொன்னபடிதான் செய்தேன், பாருங்கள்" என்று பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்து நீட்டுவார்கள். ஒன்று நெளிந்திருக்கும், ஒன்று பிசுபிசுக்கும், இன்னொன்றில் எறும்பு ஊரும். பல வருடங்களாக இப்படி என் மேசைக்கு வந்த நோயாளிகளை வைத்து எழுதியது இது. உங்கள் அட்டையில் என்ன குறை தெரிகிறதோ அந்தத் தலைப்பை மட்டும் படித்தால் போதும்.

முதலில் ஒரு வார்த்தை. இந்தக் கலைக்குக் கிடைக்கும் செய்முறைக் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. புதுத் தாளைப் பழையதாக்குவதுதான் அங்கே பெரும்பாடு. நமக்கு அந்தக் கவலை கிடையாது. எங்கள் தோட்டத்து வீடுகளில் அலமாரியில் வைத்த கல்யாணப் பத்திரிகை நாலைந்து வருடத்தில் தானாகவே கிழடு தட்டிவிடும். வேண்டிய அளவில் அந்த முதுமையை நிறுத்தி வைப்பதுதான் நம் வேலை. கீழே வரும் குறைகளில் முக்கால்வாசி, ஈரம் போவதற்குள் அடுத்த வேலையில் கைவைத்ததால் வந்தவை.

ஒப்பிட்டுப் பார்க்க, நான் செய்யும் முறையைச் சொல்லிவிடுகிறேன். சதுர மீட்டருக்கு 120 கிராம் எடையுள்ள, பளபளப்புப் பூச்சில்லாத வெள்ளைத் தாள். ஒரு கோப்பைக் கொதிநீருக்கு மூன்று தேக்கரண்டி தேயிலைத் தூள். பத்து நிமிடம் ஊறவிட்டுத் துணியில் வடிகட்டி, ஆறியதும் பீங்கான் தட்டில் ஊற்றி, தாளை ஐந்து நிமிடம் அமிழ்த்தி வைப்பேன். பிறகு பழைய பருத்தித் துணியின் மேல் கிடத்தி, பாதி காய்ந்ததும் இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து இஸ்திரி போடுவேன். மறுநாள்தான் அதை 250 கிராம் அட்டையின்மேல் ஒட்டுவேன். அட்டையை ஒருபோதும் நனைப்பதில்லை.

தாள் பிசுபிசுக்கிறது, எறும்பு வருகிறது

கோப்பியில் நனைத்திருப்பீர்கள். நம் ஊர்க் கடைகளின் கோப்பித் தூளில் கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுக்கிறார்கள். பால் சேர்க்காத ஓ கோப்பி அத்தனை கறுப்பாகவும் வழவழப்பாகவும் இருப்பது அந்தக் கருகிய சர்க்கரையால்தான். குடிக்கும்போது அது சுகம். தாளில் ஊறினாலோ சர்க்கரை இழைகளுக்குள் தங்கிவிடுகிறது. பிறகு மழை வரும்போதெல்லாம் காற்றின் ஈரத்தை இழுத்து ஒட்டத் தொடங்குகிறது. பாலும் சர்க்கரையும் சேர்ந்தே வரும் உடனடிக் கோப்பிப் பொட்டலம் இதைவிட மோசம். கொழுப்பும் சேர்வதால் சில வாரத்தில் ஊசல் வாடை அடிக்கும்.

வெறும் தாளாக இருந்தால் பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலசிக் காயவைத்துப் பாருங்கள். கொஞ்சம் வெளுக்கும், ஆனால் பிசுக்குப் போய்விடும். படமும் சரிகையும் ஒட்டி முடித்த பிறகென்றால் அந்த அட்டையை மறந்துவிடுங்கள். கோப்பி நிறமேதான் வேண்டும் என்பவர்கள் சர்க்கரை சேராத வெறும் உடனடித் தூளை வாங்கிக்கொள்ளலாம். எனக்குக் கேமரன் மலைத் தேயிலைத் தூள் போதும்.

பழுப்பு வரவில்லை, சாம்பல் நிறமாகிறது. கறுப்புப் புள்ளி விழுகிறது

ஒரு தம்பி 12 தாள்கள் கொண்டுவந்தான். ஒவ்வொன்றிலும் இடது கீழ் மூலையில் ஒரே அளவில் பிறை வடிவக் கறுப்பு. அச்சடித்த மாதிரி இருந்தது. "எதில் நனைத்தாய்?" என்று கேட்டேன். கேக் சுடும் தட்டு என்றான். மறுநாள் தட்டையே எடுத்து வரச் சொல்லிப் பார்த்தால், மூலையில் பூச்சு உரிந்து, பிறை வடிவில் துரு.

தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்தால் கருநீல மை உண்டாகிறது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் எழுதுவதற்குப் பயன்பட்ட மை இதே சேர்க்கைதான். அங்கே துவர்ப்புக்குத் தேயிலையை விட்டு ஓக் மரத்தில் பூச்சியால் உண்டாகும் மாசிக்காய்களை எடுத்துக்கொண்டார்கள். ஆகவே துருப்பிடித்த தட்டு, தாளில் மறந்துவிட்ட கிளிப், பழைய இரும்புக் குழாய் வழியாக வரும் தண்ணீர், தகரக் கூரையிலிருந்து பிடித்த மழைநீர் எல்லாமே இங்கே மை தயாரிக்கும் சாமான்கள்.

தட்டா, தண்ணீரா என்று தெரிய ஒரு சோதனை. இரண்டு வெள்ளைப் பீங்கான் கோப்பைகளில் ஒரே வடிதேநீரைக் கொஞ்சம் ஊற்றுங்கள். ஒன்றில் குழாய் நீரையும் மற்றதில் கடையில் வாங்கிய குடிநீரையும் அதே அளவு சேர்த்து அரை மணி நேரம் விடுங்கள். குழாய் நீர்க் கோப்பை மட்டும் மங்கிச் சாம்பலானால் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. இரண்டும் தெளிந்த செம்பழுப்பாக இருந்தால் பாத்திரத்தைப் பாருங்கள்.

விழுந்த கறுப்பைத் தாளுக்குக் கேடில்லாமல் போக்குவது கடினம். தம்பியின் 12 தாள்களிலும் அந்த மூலையை வெட்டிவிட்டு அளவைக் குறைத்துக்கொண்டோம். சிலர் வேண்டுமென்றே துரு ஆணியை வைத்து இந்தக் கறையை எடுக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மை காலப்போக்கில் தாளையே அரிக்கும் குணம் உடையது. பேரப்பிள்ளைக்கு எடுத்து வைக்கும் அட்டையில் செய்யாதீர்கள்.

ஓரத்தில் கோடு போட்டாற்போல் கறை

தாளின் ஒரு பக்கம் முன்னதாகக் காய்ந்திருக்கிறது. ஈரம் காயும் முனையை நோக்கிச் சாயத்தைச் சுமந்துபோய் அங்கே கொட்டிவிட்டுப் போகிறது. கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் கீழ் ஓரத்தில் நிச்சயம் இந்தக் கோடு விழும். கிடத்திக் காயவிடுங்கள். எனக்கென்னவோ ஒரு கோடு விழுந்தால் பிடிக்கும். கூரை ஒழுகிய வீட்டுப் பெட்டியில் கிடந்த கடிதம் மாதிரி இருக்கும்.

தாள் நெளிகிறது, அட்டை வில்லாக வளைகிறது

இயந்திரத்தில் செய்த தாளுக்கு மரத்தைப் போல ஓட்டம் உண்டு. இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். நனைந்தால் அவை நீளத்தில் அவ்வளவாக நீளா, பருமனில் ஊதும். அதனால் தாள் ஓட்டத்துக்குக் குறுக்கே விரிகிறது. காயும்போது ஓரிடம் முந்தி ஓரிடம் பிந்திச் சுருங்க, அலை அலையாக நெளிகிறது.

ஓட்டத்தைக் கண்டுபிடிக்க ஒரு சிறு சதுரத்தை வெட்டி, ஒரு முகத்தில் மட்டும் ஈர விரலால் தடவுங்கள். உடனே குழாய் போலச் சுருளும். அந்தக் குழாய் எந்தத் திசையில் நீண்டிருக்கிறதோ அதுதான் ஓட்டம்.

நெளிந்த தாளை நேராக்குவது எளிது. பின்பக்கம் லேசாக நீர் தெளித்து, இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரி போட்டு, சூடு ஆறும்வரை கனமான புத்தகங்களின் அடியில் வையுங்கள். எடை வைக்காமல் விட்டால் ஒரு மணி நேரத்தில் மறுபடி நெளியும். நாளிதழை இடையில் வைக்கிறவர்கள் ஒவ்வொரு வருடமும் வருகிறார்கள்; இரங்கல் அறிவிப்பு வாழ்த்து அட்டையில் தலைகீழாகப் பதிந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அட்டை வளைவது வேறு விஷயம். ஈரப் பசை தடவிய தாள் விரிந்த நிலையில் ஒட்டப்படுகிறது. காய்ந்து சுருங்கும்போது அட்டையைத் தன் பக்கம் இழுக்கிறது. பசையைக் குறைத்துத் தடவுங்கள். தாளின் ஓட்டமும் அட்டையின் ஓட்டமும் ஒரே திசையில் இருக்கும்படி ஒட்டுங்கள். ஏற்கெனவே வளைந்துவிட்டதா? அதே வகைத் தாளை அதே பசையால் உள்பக்கமும் ஒட்டினால் இரண்டு பக்கமும் இழுத்துச் சமமாகிவிடும். எழுதுவதற்கும் இடம் கிடைக்கும்.

மடிப்பில் அட்டை வெடிக்கிறது

இதற்கும் ஓட்டம்தான் காரணம். கடையில் கிடைக்கும் ஏ4 அட்டையில் ஓட்டம் பெரும்பாலும் 297 மில்லிமீட்டர் நீளவாக்கில் இருக்கும். அதை அப்படியே இரண்டாக மடித்தால் மடிப்பு ஓட்டத்துக்குக் குறுக்கே விழுகிறது. மரத்தைக் குறுக்கே முறிப்பதுபோல் இழைகள் வெடிக்கின்றன. அதையே முதலில் வெட்டி இரண்டு ஏ5 துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் இரண்டாக மடித்துப் பாருங்கள். மடிப்பு ஓட்டத்தோடு போகும். 105க்கு 148 மில்லிமீட்டரில் கைக்கு அடக்கமான அட்டை கிடைக்கும். 114க்கு 162 அளவுள்ள சி6 உறைக்குள் தாராளமாகப் போகும். ஒரே தாளில் இரண்டு அட்டை என்பதால் செலவும் பாதி.

மடிக்கும் முன் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் இரும்பு அளவுகோல் ஓரமாக ஒரு கோடு அழுத்திவிடுங்கள். கத்தியால் கீறாதீர்கள்.

மை பரவுகிறது, எழுத்து மீசை முளைத்தாற்போல் இருக்கிறது

எழுதும் தாளில் மை பரவாமலிருக்க ஆலையிலேயே கஞ்சி போன்ற பூச்சு போடுகிறார்கள். கொதிக்கும் தேநீரில் அரைமணி நேரம் ஊறவைத்தால் அதில் ஒரு பகுதி போய்விடும். தாள் மை ஒற்றும் தாளாகிவிடும். தேநீர் ஆறியிருக்க வேண்டும் என்று மேலே சொன்னது அதற்காகத்தான்.

போன பூச்சைத் திரும்பப் போடலாம். ஒரு தேக்கரண்டி அரிசி மாவை ஒரு கோப்பை நீரில் கரைத்துக் காய்ச்சி, வடிகட்டி, தண்ணீர் மாதிரி இருக்கும்போது பட்டைத் தூரிகையால் ஒரே ஒரு கை ஓட்டி, நன்றாகக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். குளிர்நாட்டுக் குறிப்புகள் இதற்கு ஜெலட்டின் சொல்லும். வேலை செய்யும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது பெரும்பாலும் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுத்ததாக இருக்கும். தீபாவளி அட்டை பூஜை அறைச் சட்டத்தில் செருகப்படும் வீடுகள் இங்கே நிறைய. பெருநாளுக்கு மலாய் நண்பர் வீட்டுக்கும் நம் அட்டை போகும். அரிசிக் கஞ்சியில் யாருக்கும் சங்கடமில்லை.

படத்தை அச்சிட்ட பிறகு தாளை நனைக்கிறவர்களுக்கு: இங்க்ஜெட் அச்சு பெரும்பாலும் கரைந்து ஓடும். லேசர் அச்சும் போட்டோஸ்டாட் கடை நகலும் அப்படியே நிற்கும். அவற்றில் இருப்பது சூட்டில் உருகிப் பிடித்த பிளாஸ்டிக் தூள். அதனாலேயே அதன்மேல் நேராக இஸ்திரிப் பெட்டியை வைத்தால் படம் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும். பின்பக்கம் திருப்பிப் போடுங்கள்.

பூஞ்சணம் பிடிக்கிறது, டிரங்குப் பெட்டி வாடை அடிக்கிறது

காற்றில் ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டிச் சில நாட்கள் அப்படியே நின்றால் பூஞ்சணம் முளைக்கும். நம் ஊரில் இரவு முழுவதும் அதற்கு மேல்தான் இருக்கிறது. இதில் தேநீரும் கஞ்சியும் பசையும் தடவிய தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடினால், பூஞ்சணத்துக்கு வீடு கட்டி விருந்தும் வைத்த மாதிரி. என்னிடம் வரும் பூஞ்சண அட்டைகளில் பெரும்பாலானவை பத்திரமாக வைத்திருந்தவையே. மேசைமேல் அனாதையாகக் கிடந்த அட்டைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை.

தாள் காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. கன்னத்துக்கு ஒன்றும் தெரியாத நிலை வந்த பிறகும் ஓர் இரவு மின்விசிறிக் காற்றில் விடுங்கள். வெயிலில் காயவைத்தால் வேகமாகக் காயும், ஆனால் சாயமும் வெளுக்கும்.

முடித்த அட்டைகளை இறுக மூடும் பிஸ்கட் டின்னில் அடுக்கி, வாணலியில் வறுத்து ஆறவைத்த ஒரு கைப்பிடி அரிசியைத் துணியில் முடிந்து உள்ளே வையுங்கள். வாரத்துக்கு ஒருமுறை வறுத்துக்கொள்ளலாம். காலணிப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலத்துக்கு அரிசியைவிட உறிஞ்சும் சக்தி அதிகம். ஆனால் எத்தனையோ மாதம் வெளியில் கிடந்த பொட்டலம் ஏற்கெனவே வயிறு நிறைந்துதான் இருக்கும்.

பிடித்துவிட்ட பூஞ்சணத்தை ஈரத் துணியால் துடைத்தால் தாள் முழுவதும் பூசிவிடுவீர்கள். வெளிக் காற்றில், மூக்கில் துணி கட்டிக்கொண்டு, முழுக்கக் காய்ந்த பின் மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். கறை நிற்கும். அந்தச் செம்புள்ளிகள் பழைய புத்தகத்தில் இருப்பவை போலவே இருக்கும் என்பது ஆறுதல். அதற்காக, பூஞ்சணம் பிடித்த அட்டையை இழுப்பு நோய் உள்ளவர்கள் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

தேநீரில் வினிகர் சேர்த்தால் பூஞ்சணம் வராது என்று ஒரு பேச்சு உலவுகிறது. புளிப்பு ஏறிய தாள் சில வருடத்தில் அப்பளமாக நொறுங்கும். வேண்டாம்.

ஒட்டியது பெயர்கிறது, அல்லது பசை பழுப்பாகித் தெரிகிறது

மைதாப் பசை தாளுக்கு நல்லது. ஆனால் இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் அது பலகாரம். ஒரு வருடத்துக்குமேல் இருக்க வேண்டிய அட்டைக்கு வெள்ளைப் பசையை மெல்லத் தடவுவதே மேல்.

ரப்பர் பால் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தோட்டத்து ஊரில் யாருக்கும் தோன்றக்கூடிய யோசனை அது, எனக்கும் தோன்றியது. பக்கத்து வீட்டு அண்ணன், மரத்தில் பால் வடியும் மங்கிலிருந்து ஒரு சிறு போத்தல் பால் கொண்டுவந்து கொடுத்தார். தடவினேன். வெள்ளையாக இருந்தது காயக் காயக் கண்ணாடி போலத் தெளிந்தது. தாள் துளியும் நெளியவில்லை. அதிகப்படி வழிந்ததை விரலால் உருட்டினால் சுத்தமாக வந்துவிட்டது. இனிப் பசைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்று 40 அட்டைகளை ஒட்டி முடித்தேன்.

மூன்றாம் நாள் போத்தலுக்குள் பால் உறைந்து கட்டியாகி, மூடியைத் திறந்ததும் வீட்டையே காலி செய்யும் நாற்றம். மரத்துப் பாலில் ரப்பர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மீதி பெரும்பாலும் தண்ணீர். அதோடு கொஞ்சம் புரதமும் சர்க்கரையும். கிருமிகள் அதைத் தின்று புளிக்கவைக்க, பால் உறைகிறது. கடையில் விற்கும் ரப்பர் பாலில் அம்மோனியா சேர்த்திருப்பது இதைத் தடுக்கத்தான். நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது ஒட்டிய இடமெல்லாம் மஞ்சள் கறை. பித்தளைப் பூவை ஒட்டியிருந்த அட்டைகளில் மட்டும் ரப்பர் பழுப்பாகி, தேன் மாதிரி இளகி வழிந்திருந்தது. செம்பு ரப்பரைக் கெடுக்கும் என்று ரப்பர் பால் வண்டி ஓட்டிய பெரியவர் ஒருவர் பிறகு சொன்னார். உண்மைதான், செம்பு பட்டால் ரப்பர் காற்றோடு சேர்ந்து கெடுவது வேகமாகிறது. பித்தளையில் இருப்பதில் பாதிக்குமேல் செம்பு.

ஆகவே பாலை ஒட்டுவதற்கு வைத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் காய்ந்த பாலை உருட்டிச் சிறு உருண்டையாக வைத்திருக்கிறேன். அட்டையில் வழிந்து காய்ந்த பசையையும் விரல் அழுக்கையும் ஒற்றி எடுக்க அதைவிட நல்ல கருவி கிடையாது. 1770இல் ஆங்கிலேய அறிவியலறிஞர் ஜோசப் பிரீஸ்ட்லி இந்தப் பொருளைப் பற்றி எழுதியதும் பென்சில் கோட்டை அழிக்க உதவுகிறது என்றுதான். தேய்ப்பது என்ற பொருளுடைய ஆங்கிலச் சொல்லே அதற்குப் பெயராக நின்றுவிட்டது.

ரப்பர் இலை நரம்பு உடைகிறது, அல்லது சதை போகமாட்டேன் என்கிறது

1877இல் ரப்பர் கன்றுகள் வந்து இறங்கிய கோலகங்சார் இங்கிருந்து கூப்பிடு தூரம். ஆகவே இந்த அலங்காரத்தை நாம் விட்டுக்கொடுக்க முடியாது. சதை நீங்கி நரம்பு மட்டும் நிற்கும் ரப்பர் இலை, சரிகைத் துணியைத் தோற்கடிக்கும்.

உடைகிறது என்றால் இளம் இலையை எடுத்திருப்பீர்கள். அல்லது கொதி அதிகம். சதை போகவில்லை என்றால் கொதி போதவில்லை. முற்றிய கரும்பச்சை இலையாகப் பார்த்துப் பறியுங்கள். ஒரு லிட்டர் நீருக்கு இரண்டு தேக்கரண்டி சலவைச் சோடா போட்டு, எவர்சில்வர் பாத்திரத்தில், தளதளவென்று கொதிக்கவிடாமல் ஒரு மணி நேரம் காய்ச்சுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடாது, சோடா அதை அரித்துக் கறுக்க வைக்கும். பிறகு இலையைத் தட்டில் விரித்து, பழைய பல்துலக்கியால் நடு நரம்பிலிருந்து ஓரத்தை நோக்கித் தட்டித் தட்டி எடுங்கள். தேய்த்தால் கிழியும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு அழுகவைப்பது இன்னொரு முறை. நரம்புக்கு அது இதமானது, நமக்கு நாற்றம். பாத்திரத்தை இறுக மூடி வையுங்கள். திறந்து வைத்தால் ஏடிஸ் கொசு குடியேறும். சுகாதாரத் துறையினர் அபராதச் சீட்டோடு வரும்போது கைவினை என்று சொல்லித் தப்ப முடியாது.

மஞ்சள் தடவிய மூலை சிவப்பாகிறது

இது என்னை ஒரு மாதம் அலைக்கழித்தது. பழைய பத்திரிகை போல நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்த அட்டைகள். அவற்றில் சிலவற்றில், அதுவும் ஒரே ஒரு மூலை மட்டும், குங்குமம் பட்டாற்போல் சிவந்திருந்தது. வாங்கவந்த அம்மா நல்ல சகுனம் என்று மகிழ்ந்துபோனார். பிறகுதான் கவனித்தேன்: சிவந்த மூலையில்தான் இலை நரம்பு தொட்டுக்கொண்டிருந்தது. சலவைச் சோடா சரியாக அலசப்படாமல் நரம்பில் தங்கி, மழைக்கால ஈரத்தில் மஞ்சளைச் சுண்ணாம்பு போலச் சிவக்க வைத்திருக்கிறது. ஆரத்தித் தட்டில் நடக்கும் அதே வேலை. இலையை நான்கைந்து முறை நல்ல நீரில் அலசினால் தீர்ந்தது. அலசிய கடைசி நீரில் ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டுப் பாருங்கள். மஞ்சளாகவே இருந்தால் சோடா போய்விட்டது.

மஞ்சள் வெளுத்துப் போகிறது என்றால் அது வெயில். அதற்கு மருந்தில்லை.

ஓரத்தைக் கருக்கினால் கரி உதிர்கிறது

மெழுகுவத்தியில் ஓரம் கருக்குவதை நான் விட்டுவிட்டேன். கடற்கொள்ளையர் வரைபடம் மாதிரி இருக்கிறது. ஈரத் தூரிகையால் கோடு இழுத்து, அந்தக் கோட்டில் கையால் கிழியுங்கள்.

எல்லாம் சரி, ஆனால் பழையதாகத் தெரியவில்லை, அழுக்காகத் தெரிகிறது

உண்மையில் பழையதான ஓர் அட்டையை எடுத்துப் பாருங்கள். மூலைகள் மழுங்கியிருக்கும், மடிப்பு வெளுத்திருக்கும், கட்டை விரல் படும் இடம் கறுத்திருக்கும். நடுப்பகுதி பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். கைபடாத இடத்தில் கறை போட்டால் கண் நம்பாது. பழைய புகைப்படத்தின் பழுப்பும் தாளின் மஞ்சளும் ஒன்றல்ல. புகைப்படத்தில் வெள்ளித் துகளை வெள்ளி சல்பைடாக மாற்றியதால் வந்த நிறம் அது. கறுப்பு இருந்த இடம் பழுப்பாகும், வெள்ளை வெள்ளையாகவே நிற்கும். ஆகவே கறுப்பு வெள்ளைப் படத்தைத் தேநீரில் முக்காமல், கணினியில் கறுப்பைக் கரும்பழுப்பாக மாற்றி அச்சிடுங்கள்.

இவற்றையெல்லாம் சரியாகச் செய்த ஓர் அட்டை ஒருமுறை வந்தது. தாள் அருமை, படம் அருமை. என்னவோ உறுத்திக்கொண்டே இருந்தது. "தலை தீபாவளி வாழ்த்து" என்று எழுதியிருந்த எழுத்துதான் அது. 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று, பிறகு சிங்கப்பூரிலும் இங்கேயும் அது வழக்கானபின் வந்த லை. அதற்கு முன் அச்சான அட்டை என்றால் லகரத்தின் தலையில் யானைத் துதிக்கை போல ஒரு வளைவு இருந்திருக்கும். லை, ளை, ணை, னை நான்குக்கும் அப்படித்தான். ணா, றா, னா மூன்றும் கால் இல்லாமல் கீழே வளைந்திருக்கும். கணினி எழுத்துருவில் இவை பெரும்பாலும் கிடைக்காது. கையால் எழுதுங்கள். பழைய எழுத்தில் படித்த பெரியவர் யாரிடமாவது ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டால், அதைப் பார்த்தே பழகலாம். அந்த ஒரு துதிக்கை செய்யும் வேலையை இரண்டு கோப்பைத் தேநீர் செய்யாது.

அட்டையில் குறையே இல்லை, வாங்கியவர் முகம் மாறியது

இதற்கும் காரணம் உண்டு. ஒரு பொங்கலுக்கு, பழைய காலத்துத் தாள்களின் நகல்களை வெட்டி ஒட்டினேன். பாயும் புலி போட்ட மலாய் மாநிலங்களின் தபால் தலை, பழைய ரயில் டிக்கெட், 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் புழங்கிய வாழைமரம் போட்ட பத்து டாலர் நோட்டு. வாழை என்றால் மங்கலம், பொங்கலுக்குப் பொருத்தம் என்று அந்த நோட்டை நடுவில் வைத்தேன். அசலையெல்லாம் வெட்டவில்லை, நகல்தான் எடுத்தேன் என்று பெருமை வேறு.

தோட்டத்து வரிசை வீடுகளான கீழ் லயத்தில் ஒரு பாட்டியிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு அட்டையைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இந்தக் காசைக் கொடுத்துத்தான் அப்பாவைச் சயாமுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், ஆயி" என்றார்.

ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆயிரம் ஆயிரமாகப் போனவர்களில் பலர் திரும்பவில்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் வாழையைத்தான் பார்த்திருக்கிறேன்.

அட்டையை வாங்கிக்கொண்டு வந்து நோட்டை உரித்தேன். வெள்ளைப் பசை என்பதால் தாளின் மேல்தோலும் கூடவே வந்தது. அந்த வடுவின்மேல் ஒரு ரப்பர் இலை நரம்பை ஒட்டி, மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். மீதியிருந்த 11 அட்டைகளிலும் அதே வேலையைச் செய்தேன். இப்போது படங்களை ஒட்டுவதற்கு முன் எங்கள் தெருவில் வயதான இரண்டு பேரிடம் காட்டிவிட்டுத்தான் பசையைத் திறக்கிறேன்.